லூயி கரோல் என்னும் தருக்க ஆசிரியர்

வங்கிப் பணிகளுக்குரிய போட்டித் தேர்வினை எழுதப் புகும் மாணாக்கர், தருக்கப் பகுதியின் தலைப்பில் விந்தையானதொரு கட்டளையைக் காண்பர். கீழே தரப்படும் கூற்றுக்கள் உலகறிந்த உண்மைக்கு மாறாகத் தோன்றினும் அவற்றை மெய்யெனவே கொள்ளுதல் வேண்டும் என்பதும், அவற்றினின்று எம்முடிபு தொடர்கின்றது, எது தொடரவில்லை என்பதை மட்டுமே ஆராய்தல் வேண்டும் என்பதும் அக்கட்டளையின் சாரமாம். அதன்பின் பேனாக்கள் யாவும் மேசைகளாகும். மேசைகளிற் சில மேகங்களாகும். முதன்முறை இவற்றைக் காணும் மாணாக்கர் நகைப்பர். இரண்டாம் முறை சினப்பர். பயிற்சி முதிர்ந்தபின் நகைப்பும் சினமுமின்றி விடையைக் குறித்துச் செல்வர். பொருளற்ற கூற்றுக்களைக் கொண்டே பொருளுடைய சிந்தனையைப் பழக்கலாம் என்பதனை நன்குணர்ந்து, அப்பயிற்சிக்கே தம் வாழ்நாளின் இறுதிப் பகுதியை ஈந்த ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றோம். உலகம் அவரை லூயி கரோல் என்று அறியும். சிறுவர்க்கு இனிய கதை எழுதியவர் என்று போற்றும். அவர் தருக்க நூலுக்குச் செய்த தொண்டோ, அக்கதையின் நிழலில் மறைந்துவிட்டது.

சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன் என்பது அவருடைய இயற்பெயர். இங்கிலாந்தில், செஷயர் பகுதியிலுள்ள டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில், 1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள் அவர் தோன்றினார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குரு, கணிதத்திலும் வல்லவர். மக்கள் பதினொருவருள் டாட்ஜ்சன் மூன்றாமவர், ஆண்மக்களுள் தலைமகனார். 1843-இல் அக்குடும்பம் யார்க்ஷயரிலுள்ள கிராப்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஆங்குத் தம்பியர் தங்கையரை மகிழ்விக்கும் பொருட்டு அவர் கையெழுத்துப் பத்திரிகைகள் நடத்தினார். பொம்மலாட்டம் ஆடிக் காட்டினார். புதிது புதிதாக விளையாட்டுக்களை வகுத்து, அவற்றிற்கு விதிகளும் எழுதினார். விளையாட்டினும் விதியை வகுப்பதிலேயே அவர் உள்ளம் மிகுதியும் தோய்ந்தது என்று கருத இடமுண்டு.

இளமை தொட்டே அவருக்குத் திக்குவாய் இருந்தது. ஒரு காது மந்தம். ரக்பிப் பள்ளியில் பயின்ற ஆண்டுகள் அவருக்கு இனிய நினைவாக அமையவில்லை. 1851-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டு நகரத்துக் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியிற் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் நாளே அன்னையார் இறந்த செய்தி வர, உடனே ஊர் திரும்ப நேர்ந்தது. பின்னர் மீண்டு வந்து கணிதத்தில் முதல் வகுப்பில் தேறி, 1855 முதல் 1881 வரை அக்கல்லூரியிலேயே கணித விரிவுரையாளராக விளங்கினார். கல்லூரியில் அவர் பெற்ற உதவிநிலைக்கு, மணம் புரியாதிருத்தலும் குருப்பட்டம் பெறுதலும் நிபந்தனைகள். மணம் புரியாமலே வாழ்ந்தார். 1861-இல் உதவிக் குருவாக அபிடேகம் பெற்றார். அதற்கு மேற்பட்ட பட்டத்தை ஏற்கவில்லை. அதன் காரணத்தை அறிஞர் பலவாறு கூறுவர். திக்குவாய் அவற்றுள் ஒன்று.

1862-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் கல்லூரித் தலைவர் லிடெல் என்பாருடைய பெண்மக்கள் மூவருடனும் நண்பர் ஒருவருடனும் ஆற்றிற் படகு செலுத்திச் சென்றபோது அவர் கூறிய கதை, 1865-இல் ‘அற்புத உலகில் ஆலிஸ்’ என்னும் நூலாக வெளிவந்ததனை யாவரும் அறிவராதலின் அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. புனைபெயரைப் பற்றி மட்டும் ஒரு சொல். சார்லஸ் லட்விட்ஜ் என்னும் தம் பெயரை இலத்தீனாக்கி, முன்பின்னாகத் திருப்பி, மீண்டும் ஆங்கிலமாக்கியபோது லூயி கரோல் பிறந்தார். 1856 முதல் இப்பெயர் வழங்கலாயிற்று. அணிக்கோவைகளைப் பற்றிய 1867-ஆம் ஆண்டு நூலும், யூக்ளிட்டின் வடிவியலுக்கு அரண்செய்து 1879-இல் நாடக வடிவில் எழுதிய நூலும் டாட்ஜ்சன் என்னும் பெயர் தாங்கின. கதைகளும் வேடிக்கைப் பாடல்களும் லூயி கரோல் பெயரைத் தாங்கின. இருவரும் ஒருவரே என்று பிறர் வெளிப்படக் கூறுவதனை அவர் விரும்புவதில்லை. விக்டோரியா அரசியார் கதையைப் படித்து மகிழ்ந்து அடுத்த நூலைக் கேட்டனரென்றும், வந்து சேர்ந்தது கணித நூலென்றும் வழங்கும் கதை பொய்யென 1896-இல் அவரே அச்சிட்டு மறுத்தார். நல்ல கதையாகலின் அது இன்றும் வழங்குகின்றது.

தருக்க நூல்களை எழுதுங்கால் அவர் எப்பெயரைத் தாங்கினார் என்பது கருதத்தக்கது. தருக்கம் கற்றோர்க்குரிய துறையன்றோ? அதற்கு டாட்ஜ்சன் என்பதன்றோ தக்க பெயர்? அவரோ 1887-இல் வெளியிட்ட ‘தருக்க விளையாட்டு’ என்னும் நூலையும், 1896-இல் வெளியிட்ட ‘குறியீட்டுத் தருக்கம்’ என்னும் நூலின் முதற் பகுதியையும் லூயி கரோல் என்னும் பெயராலேயே வெளியிட்டார். ஆலிஸைப் படித்த குழந்தைகளும் அவர்தம் அன்னையரும் இவற்றையும் கையில் எடுத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆக்ஸ்போர்டு நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கும், லேடி மார்கரெட் ஹால் என்னும் மகளிர் கல்லூரிக்கும் தாமே சென்று தருக்கம் கற்பித்தார். பல்கலைக்கழகத்துப் பட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. கல்லூரியில் அவர் நிகழ்த்திய கணித விரிவுரைகள் சுவையற்றவை என்று பழைய மாணாக்கர் சிலர் குறித்துள்ளனர். தருக்க விளையாட்டை ஏந்தியபோதோ அவர் வேறொருவரானார்.

அவ்விளையாட்டின் அமைப்பை அறிதல் நம் மாணாக்கர்க்குப் பயன்படும். ஓர் அட்டையும் ஒன்பது காய்களுமே கருவிகள். காய்களுள் நான்கு சிவப்பு, ஐந்து சாம்பல் நிறம். அட்டையில் ஒரு பெரிய சதுரம்; அதன் நடுவே ஒரு சிறிய சதுரம்; இரண்டனையும் ஊடறுத்து நெடுக்கே ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும். ஆக இடங்கள் எட்டு. யானைகளைப் பற்றி ஆராய்வதாகக் கொள்வோம். மேற்பாதி குடைபிடிக்கும் யானைகளுக்குரியது. கீழ்ப்பாதி குடைபிடிக்காத யானைகளுக்கு. இடப்பாதி வெல்லம் தின்பனவற்றிற்கு, வலப்பாதி தின்னாதவற்றிற்கு. உட்சதுரம் வீணை வாசிப்பனவற்றிற்கு. அதன் புறம் வாசிக்காதவற்றிற்கு. சிவப்புக் காய் வைத்தால் அவ்விடத்தில் ஒன்றேனும் உண்டு என்பது பொருள். சாம்பற் காய் வைத்தால் ஒன்றும் இல்லை என்பது பொருள்.

இனி, குடைபிடிக்கும் யானைகள் யாவும் வீணை வாசிக்கும் என்பது முதற் கூற்று. ஆகவே மேற்பாதியில் உட்சதுரத்திற்குப் புறம்பான இரண்டிடங்களிலும் சாம்பற் காய் வைக்கின்றோம். வீணை வாசிக்கும் யானை எதுவும் வெல்லம் தின்னாது என்பது இரண்டாம் கூற்று. ஆகவே உட்சதுரத்தின் இடப்புறத்து இரண்டிடங்களிலும் சாம்பற் காய் வைக்கின்றோம். இப்போது அட்டையை நோக்குக. மேற்பாதியின் இடப்பக்கம் முழுதும் வெறுமையாயிற்று. குடைபிடிக்கும் யானை எதுவும் வெல்லம் தின்னாது என்னும் முடிபை நாம் சிந்தித்துப் பெறவில்லை, கண்ணாற் கண்டுவிட்டோம்!

யானை வெல்லத்தை விரும்பித் தின்னும் என்பது கோயில் வாயிலில் நின்ற நம் சிறுவரும் அறிந்தது. அவ்வறிவு ஈண்டு இடையூறே செய்யும். அதனாலேயே கரோல் இத்தகைய பொருந்தாப் பொருள்களைத் தேடித் தேடி எடுத்தார். நாம் அறிந்த பொருளைப் பற்றிய அனுமானத்தில், முடிபு மெய்யாயிருத்தலைக் கண்டு, அது முற்கூற்றுக்களினின்று தொடர்வதாகவே நம்பிவிடுகின்றோம். ஆசிரியர் யாவரும் கற்றவர். கற்றவருட் சிலர் கவிஞர். ஆகவே ஆசிரியருட் சிலர் கவிஞர் என்று ஒருவர் கூறின், நம்மில் பலர் தலையசைப்போம். நம் கல்லூரியிலேயே அத்தகையார் இருவரைக் காட்டவும் செய்வோம். ஆயினும் அவ்வனுமானம் பழுதுடையது. அதே வடிவில், யானைகள் யாவும் உயிர்கள். உயிர்களிற் சிலவற்றிற்குச் சிறகுண்டு. ஆகவே யானைகளிற் சிலவற்றிற்குச் சிறகுண்டு என்று கூறிப் பார்க்க. பழுது தானே வெளிப்படும். போட்டித் தேர்வில் மதிப்பெண் இழப்போர் பெரும்பாலும் இழப்பது இக்குழியிலேதான்.

கரோலின் சதுரங்களுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1880-இல், கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஜான் வென் தம் வட்டங்களை வெளியிட்டிருந்தார். இன்று மாணாக்கர் தேர்வில் வரைவன அவ்வட்டங்களே. சதுரம் வட்டத்திற்குத் தோற்றது. ஆயினும் கரோல் கூறிய குறை பொருட்படுத்தத் தக்கது. வட்டத்தினுள் அடங்கியதற்கு எல்லையுண்டு, அடங்காததற்கு எல்லையில்லை. சதுரத்திலோ உளதற்கும் இலதற்கும் ஒத்த இடம் உண்டு. அன்றியும், ஆராயும் பண்புகள் நான்கு ஐந்து எனப் பெருகின் வட்டங்கள் குழம்பிவிடும். கரோலின் முறை எட்டுப் பண்புகளையும் கடந்து செல்ல வல்லது.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். பேனாக்கள் யாவும் மேசைகள் எனின், மேசைகளிற் சில பேனாக்கள் என்பது தொடருமா? தொடரும் என்றே வங்கித் தேர்வு கொள்ளும். இக்காலத் தருக்க நூலார் உடன்படார். யாவும் என்னும் சொல், மேசையல்லாத பேனா இல்லை என்று மட்டுமே கூறுகின்றது. பேனா என ஒன்று உளது என்று அது கூறவில்லை என்பர். கரோலோ, யாவும் என்று தொடங்கும் கூற்று, அப்பொருள் உளது என்பதனையும் உள்ளடக்கும் என்று கொண்டார். இதனாலேயே மேற்காட்டிய யானைக் கணக்கில் அவர் ஒரு சிவப்புக் காயும் வைப்பார். வெல்லம் தின்னாத குடையானை ஒன்றேனும் உண்டு என்று முடிப்பார். ஆகவே இவ்வொரு செய்தியில் நம் தேர்வு வட்டத்தை வரைந்தாலும் கரோலின் பக்கமே நிற்கின்றது. இதனை அவர் மாறா உண்மையென்று வற்புறுத்தவுமில்லை. நூலாசிரியன் தன் சொற்களுக்கு எப்பொருளை வேண்டினும் வகுத்துக்கொள்ளலாம். வகுத்தபின் பிறழாதிருத்தலே கடன் என்பது அவர் கொள்கை.

உறவுமுறைக் கணக்குக்களும் அவருக்குப் புதியனவல்ல. 1885-இல் நூலாக வெளிவந்த ‘சிக்கற் கதை’யில், ஓர் ஆட்சியாளர் தம் தந்தையின் மைத்துனரையும், உடன்பிறந்தானின் மாமனாரையும், மாமனாரின் உடன்பிறந்தாரையும், மைத்துனரின் தந்தையாரையும் விருந்துக்கு அழைக்கின்றார். விருந்தினர் தொகை மிகக் குறைந்திருத்தல் வேண்டும். எத்தனை பேர்? ஒருவரே போதும் என்பது விடை. நெருங்கிய உறவினருக்குள் மணம் நிகழ்ந்த குடும்பமாயின் நான்கு முறையும் ஒருவரிடத்தே கூடும். ஆங்கிலேயர்க்கு இது பெருவியப்பு. அத்தை மகனும் மாமன் மகளும் மணக்கும் நம் நாட்டில் பாட்டியார் ஒருவர் இதனை வெற்றிலை மடிப்பதற்குள் விடுவிப்பார்.

உறக்கமில்லா இரவுகளில் அவர் மனத்தினுள்ளேயே கணக்குக்களை வகுத்து விடை காண்பது வழக்கம். அவ்வாறு கண்ட 72 கணக்குக்களை 1893-இல் ‘தலையணைக் கணக்குக்கள்’ என்று வெளியிட்டார். வேண்டாத எண்ணங்கள் மனத்தைச் சூழாவண்ணம் காத்தற்கு இது நல்லதோர் அரண் என்பது அவர் கண்ட பயன். உறக்கமில்லா இரவுகள் என்று முதற் பதிப்பின் தலைப்பிற் கண்டு வாசகர் சிலர் அவர் உடல்நிலை குறித்து வருந்தினர். அடுத்த பதிப்பில் விழித்திருக்கும் வேளைகள் என்று மாற்றிவிட்டார். இரவில் விளக்கேற்றாமலே குறிப்பெழுதுதற்கு 1891-இல் ஒரு கருவியும் இயற்றினார்.

‘குறியீட்டுத் தருக்கம்’ அவருடைய தருக்க நூல்களுள் தலைசிறந்தது என்பது நம் துணிபு. இரு கூற்றில் தொடங்கிப் பத்துக் கூற்று வரை கோத்த கணக்குக்கள் அதில் உள. அவற்றுள் ஒன்று வீட்டுப் பூனையில் தொடங்கிக் கங்காருவில் முடிகின்றது. நூலிலும் செய்தித்தாளிலும் மேடையிலும் வரும் போலி நியாயங்களைக் கண்டு விலக்கும் ஆற்றல் இப்பயிற்சியால் வரும் என்று அதன் முகப்பில் உறுதி கூறினார். திருச்சபை மேடையில் நிகழும் பிரசங்கத்தையும் அவ்வரிசையிற் சேர்த்தார். திருச்சபையில் உதவிக்குருவாகிய ஒருவர் இதனை எழுதினார் என்பதனை நம்மனோர் கருதுதல் வேண்டும்.

அறிஞர் உலகத்தையும் அவர் தொட்டார். 1894-இல் ‘மைண்ட்’ என்னும் மெய்ப்பொருளியற் பத்திரிகையில் முடிதிருத்தும் கடை பற்றிய ஒரு சிக்கலை வெளியிட்டார். கடையில் ஆலன், பிரௌன், கார் என மூவர். ஒருவரேனும் எப்போதும் கடையில் இருத்தல் வேண்டும். ஆலன் வெளியே சென்றால் பிரௌனும் வெளியே செல்வர். கார் வெளியே செல்லலாமோ? கதையில் வரும் ஒருவர் வாதிக்கின்றார்: கார் சென்றதாகக் கொண்டால், ஆலன் சென்றிருப்பின் பிரௌன் உள்ளே இருத்தல் வேண்டும், ஆனால் ஆலன் சென்றிருப்பின் பிரௌனும் வெளியே என்பதன்றோ விதி? இவை முரணுதலின் கார் ஒருநாளும் வெளியே செல்லலாகாது. வாதம் அழகியது, முடிபு பிழை. அவ்விரண்டும் சேர்ந்து கூறுவது ஆலன் வெளியே இல்லை என்பது மட்டுமே. ஆலன் உள்ளே இருக்கும்வரை கார் எங்கும் செல்லலாம். ஆக்ஸ்போர்டின் தருக்கப் பேராசிரியர் குக் வில்சன் இது குறித்து அவருடன் நெடுநாள் மாறுபட்டு மடல்வழி வாதிட்டார். பெர்ட்ரண்ட் ரஸல் 1903-இல் இதன் முடிச்சைத் தெளிவுற அவிழ்த்துக் காட்டினார்.

அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் ஆமையும் அக்கிலீஸும் உரையாடும் சிறு கட்டுரை வந்தது. ஆமை இரு கூற்றுக்களையும் ஒப்புக்கொள்ளும். முடிபை மட்டும் ஒப்பாது. இவ்விரண்டும் மெய்யாயின் முடிபும் மெய் என்பதனையும் ஒப்புக்கொள் என்பான் வீரன். ஆமை அதனையும் மூன்றாம் கூற்றாக ஏற்று எழுதிக்கொள்ளச் சொல்லும். முடிபை இன்னும் ஒப்பாது. மூன்றும் மெய்யாயின் என்று நான்காவது எழுதப்படும். ஏடு நிறையும், வழக்குத் தீராது. கூற்றுக்களைப் பெருக்கி ஒருவனை முடிபுக்கு இழுத்தல் இயலாது. அடியெடுத்து வைப்பவன் தானே வைத்தல் வேண்டும். சில பக்கங்களேயான இதனை மெய்ப்பொருளியலார் நூறாண்டுக்கு மேலாகப் படித்து வாதிட்டு வருகின்றனர்.

இவ்வளவும் விளையாட்டேயோ என்று ஐயுறுவார்க்கு, அவர் இறந்தபின் 1899-இல் வெளிவந்த ஒரு கட்டுரையைக் காட்டுவோம். நித்திய தண்டனை என்பது அதன் பொருள். அவருடைய தந்தையார் பழைய கோட்பாட்டில் ஊன்றி நின்ற குரு. தாமும் திருச்சபைக்கு உறுதிமொழி கூறியவர். அக்கட்டுரையில் அவர் மூன்று கூற்றுக்களை எதிரே நிறுத்துகின்றார். கடவுள் முற்றும் நல்லவர் என்பது ஒன்று. சில நிலைகளில் மாந்தர்க்கு முடிவில்லாத் தண்டனை அளித்தல் தவறு என்பது ஒன்று. கடவுள் அவ்வாறு செய்யக்கூடியவர் என்பது ஒன்று. மூன்றும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. ஒன்றனை விட்டே ஆகவேண்டும். யானைக்கும் பூனைக்கும் கையாண்ட அதே முறையைத் தம் உள்ளத்தை அழுத்திய வினாவிலும் கையாண்டு, ஒவ்வொன்றனையும் விடுவதால் வருவது இன்னது என்று காட்டி, எதனை விடுவது என்னும் தேர்வை வாசகர்க்கே விட்டார். சினமில்லை, அச்சமுறுத்தலில்லை, மாற்றுக் கருத்தினரை இழித்துரைத்தலும் இல்லை. சமயப் பூசல்களைப் படித்துச் சலித்த நமக்கு இக்கட்டுரை அரியதாகத் தோன்றுகின்றது.

1897-ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு கணக்கின்மேல் அவர் விடியற்காலை நான்கு மணி வரை விழித்திருந்தார். பக்கங்கள் பின்னமாகவோ முழுமையாகவோ அளவிடத்தக்கனவாய், பரப்பும் ஒத்தனவாய், மூன்று செங்கோண முக்கோணங்கள் காணல் வேண்டும் என்பது கணக்கு. 20, 21, 29 என்பதும் 12, 35, 37 என்பதுமாக இரண்டினைக் கண்டார். ஒவ்வொன்றின் பரப்பும் 210. மூன்றாவது அகப்படவில்லை. கையிலிருந்த இரண்டனையும் இருமடங்காக்கியிருப்பின் பரப்பு 840 ஆகும். 15, 112, 113 என்னும் முக்கோணத்தின் பரப்பும் 840. மூன்றாவது அத்துணை அணித்தே நின்றது.

கிறிஸ்து பிறந்த நாளுக்குக் கில்ட்போர்டு நகரில் தம் தங்கையர் வாழ்ந்த இல்லத்திற்குச் சென்றார். 1868-இல் தந்தையார் மறைந்தபின் அவர்களுக்காக அவரே அமர்த்திக் கொடுத்த இல்லம் அது. ஆங்கும் ‘குறியீட்டுத் தருக்கம்’ இரண்டாம் பகுதியிலேயே கருத்தாயிருந்தார். சளிக்காய்ச்சலாகத் தொடங்கிய நோய் நெஞ்சிற் பரவி, 1898-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், 66 ஆண்டு நிறைதற்கு இரு வாரம் இருக்கையில், உயிர் நீத்தார். ஆலிஸின் தந்தையாராகிய லிடெல் நான்கு நாட்களிற் பின்தொடர்ந்தார்.

இரண்டாம் பகுதி வெளிவரவில்லை. அச்சுக்கூடத்தினின்று திருத்துதற்கு வந்த தாள்களில் சில நண்பர் கைக்கும் மாறுபட்டோர் கைக்கும் சென்று சிதறின. குக் வில்சனுக்குச் சென்றனவும் அவற்றுள் அடங்கும். வில்லியம் பார்ட்லி என்னும் அமெரிக்க அறிஞர் பல்லாண்டு தேடித் திரட்டி, 1977-இல் அவற்றை அச்சேற்றினார். முடிபினை மறுத்துத் தொடங்கி, கிளைகிளையாகப் பிரித்துச் சென்று, ஒவ்வொரு கிளையும் முரணில் முடிதலைக் காட்டி, அவ்வாற்றால் முடிபினை நிறுவும் ஒரு முறை அதில் இருந்தது. அதனை அவர் 1894-இலேயே வகுத்திருந்தார். மரம் என்று பெயரிட்டிருந்தார். அதனை ஒத்த முறையினைத் தருக்க நூலார் 1950-களில் தாமே புதிதாகக் கண்டு, அதற்குள் வகுப்பறைகளிற் கற்பித்தும் வந்தனர்.